‘எனக்கு வய்யா மக்களே’ என்று அப்பா சொல்வதற்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் என்ன தொடர்பு?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. சில மாதமாக வேலைக்குப் போகவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, என்ன செய்கிறது என்று கேட்டால் "எனக்கு வய்யா மக்களே" என்பதோடு சரி. வய்யா என்றால் முடியவில்லை. டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு, ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அப்பா நிறுத்திவிட்டார். இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர் வந்து, மூளை செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பு பழுதாவதால்தான் இது வருகிறது, செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தை வைத்து டாக்டர் கொடுத்த மாத்திரையெல்லாம் வீண், இந்தக் கேப்ஸ்யூல் சாப்பிட்டால் செல்லுக்குச் சக்தி வந்துவிடும் என்கிறார். விலை சில ஆயிரம். இது உண்மையா, ரத்தப் பரிசோதனையில் தெரியுமா, எனக்கும் வருமா என்று கேட்கிறார் தம்பி.

தம்பி, நான் மருத்துவர் இல்லை. கல்லூரியில் பல வருடம் உயிர்வேதியியல் நடத்தியவன். மைட்டோகாண்ட்ரியாவுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் சொன்னது சரிதான். இருபது வருடத்துக்கு மேலாக அதற்கான ஆதாரம் சேர்ந்துகொண்டே வருகிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு மாத்திரையை விடு, கேப்ஸ்யூலை வாங்கு என்று சொல்ல முடியாது. ஏன் என்பது புரிய, மூளை எதற்கு அவ்வளவு சக்தி கேட்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஒரு நரம்பு செல் தகவல் அனுப்பும்போது சோடியம் உள்ளே பாயும், பொட்டாசியம் வெளியே போகும். அடுத்த தகவலுக்குத் தயாராக வேண்டுமென்றால் இரண்டையும் பழைய இடத்துக்கே பம்ப் செய்தாக வேண்டும். செல் தன் சக்தியைச் செலவழிப்பது ஏடிபி என்ற மூலக்கூறாக. அதில் ஒன்று செலவானால் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. இந்தக் கணக்கு தூக்கத்திலும் நிற்பதில்லை. அவசரத்துக்கு எடுத்துக்கொள்ள மூளையில் சேமிப்பும் மிகக் குறைவு. அதனால் சப்ளை கொஞ்சம் தளர்ந்தாலே அங்கே தெரிந்துவிடும்.

அந்த ஏடிபியில் பெரும்பகுதியைத் தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியா. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே உடைத்தால் நிகரமாக 2 ஏடிபிதான் கிடைக்கும். உள்ளே கொண்டுபோய் ஆக்சிஜனோடு முழுதாக எரித்தால் 30-ஐ ஒட்டிக் கிடைக்கும். அதன் உள்சவ்வில் வரிசையாக இருக்கும் புரதங்கள் எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொண்டே போகின்றன. அப்போது கிடைக்கும் சக்தியில் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுக் குவிகின்றன. குவிந்தது திரும்பி இறங்கும் வழியில் ஒரு என்சைம் இருக்கிறது, அதைச் சுழற்றிக்கொண்டுதான் இறங்க முடியும். கோதையாறு நீர்மின் நிலையத்தில் மேலே தேங்கிய தண்ணீர் குழாய் வழியே இறங்கி டர்பைனைச் சுற்றுவது போலத்தான், அந்த என்சைம் நிஜமாகவே சுழல்கிறது. 1961-ல் பீட்டர் மிட்செல் இந்தக் கருத்தைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் இதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நரம்பு செல்லில் இன்னொரு சிக்கல், அதன் நீளம். செல்லின் நடுப்பகுதி ஓரிடத்தில் இருக்கும், அடுத்த செல்லோடு பேசும் முனைகள் எங்கேயோ இருக்கும். அந்த முனைகளுக்குத்தான் சக்தி அதிகம் வேண்டும் என்பதால், மைட்டோகாண்ட்ரியாவைச் சுமந்துகொண்டு போக செல்லுக்குள் தனியாகப் புரதங்களே இருக்கின்றன. முனையில் அதற்கு இரண்டு வேலை. ஒன்று ஏடிபி தயாரிப்பது. மற்றொன்று, தகவல் போகும்போது உள்ளே புகும் கால்சியத்தை உறிஞ்சி அளவோடு வைப்பது. மைட்டோகாண்ட்ரியா தளர்ந்தால் இரண்டும் கெடும். செல்லிலிருந்து செல்லுக்குத் தகவல் கொண்டுபோகும் செரோடோனின், டோபமின் போன்ற ரசாயனங்களை அடைத்து வைக்கும் சிறு பைகள் மறுபடி நிரம்பத் தாமதமாகும், கால்சியம் தங்கிவிடும். எலக்ட்ரான் கைமாறும்போது நடுவில் கசிந்தால் ஆக்சிஜன் வேண்டாத வீரியத்தோடு சுற்றத் தொடங்கி, சுற்றியுள்ள கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கும். மூளையில் அப்படி அரிக்கக்கூடிய கொழுப்பு நிறைய. செல் செத்துவிடும் என்று நினைக்காதே. சாகாது, சுணங்கும். புது இணைப்புகள் வளர்வது குறையும்.

இந்தச் சுணக்கம் வெளியே எப்படித் தெரியும் என்பதற்கு உன் அப்பாவின் வேலையையே எடுத்துக்கொள். விடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும்போதே எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கத்தியோடு தோட்டத்துக்குள் போகிறார். ஒவ்வொரு மரத்திலும் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை இழுத்தெடுத்து, சிரட்டையைச் சரிசெய்து, பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. முடித்துவிட்டு அடுத்த மரம். இப்படி முந்நூறு, நானூறு மரம். கையில் பலம் இருந்தால் போதாது. ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் ‘செய்யலாம், செய்தால் பலன் உண்டு’ என்று மூளை ஒரு கணக்குப் போட்டு உத்தரவு கொடுக்க வேண்டும். மனச்சோர்வில் அந்தக் கணக்குத்தான் குலைகிறது. முதல் மரத்துக்குப் போவதே மலையேறுவதாகத் தெரியும். அக்கம்பக்கத்தில் சோம்பேறி ஆகிவிட்டான் என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. அப்பா காதில் விழவும் விடாதே. அவருடைய அசதி நிஜமான அசதி.

முயற்சி எடுக்கலாமா வேண்டாமா என்ற கணக்கில் முக்கியப் பங்கு நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற மூளைப் பகுதிக்கு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒரு குழு 2015-ல் எலிகளில் இதைப் பார்த்தது. சுபாவத்திலேயே பதற்றம் அதிகமுள்ள எலிகளுக்கு அந்தப் பகுதியில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைவாக இருந்தது, இன்னொரு எலியோடு போட்டி என்று வந்தால் அவை பின்வாங்கின. பதற்றமில்லாத எலிகளுக்கு அதே இடத்தில் மைட்டோகாண்ட்ரியாவை மருந்து கொடுத்து முடக்கியபோது அவையும் பின்வாங்கின. பதற்றமுள்ளவற்றுக்கு அங்கே வைட்டமின் பி3-இன் ஒரு வடிவத்தைச் செலுத்தித் திறனைக் கூட்டியபோது சமமாக நின்று போட்டியிட்டன. எனக்கு இந்த ஆய்வு மிக முக்கியமானதாகத் தெரிகிறது. ஏனென்றால் இது தொடர்பை மட்டும் காட்டவில்லை, திறனைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து நடத்தை மாறுவதைக் காட்டியது. ஆனால் ஒன்றைக் கவனி: மருந்து போனது எலியின் மூளைக்குள், குறிப்பிட்ட அந்த ஒரு இடத்துக்கு. வாயில் போடும் கேப்ஸ்யூலுக்கு இந்த ஆய்வைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

மனிதர்களில் ஆதாரம் இவ்வளவு நேராக இல்லை, இருந்தாலும் பல பக்கத்திலிருந்து வருகிறது. 2003-ல் ஸ்வீடனில், உடம்பு வலி, அசதி போன்ற உபாதைகளோடு மனச்சோர்வும் இருந்தவர்களின் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஏடிபி தயாரிக்கும் வேகம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பிறவியிலேயே மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ள 36 பேரை 2007-ல் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வந்திருந்தது. ஸ்கேன்களும் மூளையின் முன்பகுதியில் குளுக்கோஸ் செலவு குறைவதைக் காட்டுகின்றன.

சரி, இதில் எது காரணம், எது விளைவு? கேப்ஸ்யூல்காரர் தாண்டிப் போன கேள்வி இது. இரண்டு பக்கமும் நடக்கிறது என்பதுதான் பதில். நீண்ட நாள் மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் இறங்காமல் நிற்கும். அந்த ஹார்மோனைப் பிடிக்கும் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே போகிறது. கொஞ்ச நேரம், கொஞ்ச அளவு என்றால் திறன் கூடும். அளவு கூடி நாள்கணக்கில் நின்றால் குறையும். எலியின் நரம்பு செல்களில் 2009-ல் இதைக் காட்டினார்கள். சீனாவில் ஆயிரக்கணக்கான பெண்களை வைத்து நடந்த ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களிடம் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அளவு கூடியிருந்தது, 2015-ல் அது வெளியானது. அதே குழு எலிகளுக்கு நான்கு வாரம் தொல்லை கொடுத்தபோதும் டிஎன்ஏ கூடியது. தொல்லையை நிறுத்திய பிறகு ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பியது. அதாவது, வெளியே நடக்கும் கஷ்டம் மைட்டோகாண்ட்ரியாவை மாற்றுகிறது, கஷ்டம் விலகினால் அது மீளவும் செய்யும்.

நம் மாவட்டத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. மலையோரத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. அதற்குப் பிறகு ஒரு தாய் சாப்பிடாமல், தூங்காமல், எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், மைட்டோகாண்ட்ரியா பழுதானதால் வந்தது என்று யாராவது சொல்வார்களா? இழப்புத்தான் காரணம். அந்த இழப்பு உடம்புக்குள் இறங்கும் வழிகளில் ஒன்றில் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. உன் அப்பாவுக்கும் பின்னால் ஏதாவது இருக்கலாம். கடனா, மழையில் வெட்டு நின்றுபோன மாதங்களா, யாரிடமும் சொல்லாத வேறு எதுவுமா? கேப்ஸ்யூல் அதைக் கேட்காது. நீயாவது, டாக்டராவது கேட்க வேண்டும்.

அழற்சியின், அதாவது நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுவதன் பங்கும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனி பாக்டீரியாவாக இருந்து, பிறகு பெரிய செல்லுக்குள் குடியேறியது. 1967-ல் லின் மார்குலிஸ் வலியுறுத்திய இந்தக் கருத்து இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதனால் நைந்துபோன மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து அதன் டிஎன்ஏ வெளியே கசிந்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் கிருமி வந்துவிட்டது என்று எச்சரிக்கை எழுப்புகிறது. அந்த எச்சரிக்கையின் ரசாயனங்கள் மூளைக்குப் போனால் பசியின்மை, சோர்வு, ஆட்களைத் தவிர்ப்பது எல்லாம் வரும். ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட பலருக்கு மனச்சோர்வு வந்தது அந்த வகைதான்.

இனி செரோடோனின் மாத்திரைக்கு வருவோம். செரோடோனின் ஒரு கட்சி, மைட்டோகாண்ட்ரியா எதிர்க்கட்சி என்பது போல உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் அப்படிப் பிரிவு கிடையாது. செரோடோனின், டோபமின், நார்அட்ரினலின் மூன்றையும் உடைக்கும் மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற என்சைம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில்தான் உட்கார்ந்திருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற மருந்து கொடுத்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். அந்த மருந்து தடுத்தது இந்த என்சைமைத்தான். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று வேலை செய்த இடமே மைட்டோகாண்ட்ரியாவின் மேல்தோல். இன்று டாக்டர்கள் பொதுவாக எழுதுவது அதைவிடப் பத்திரமான வேறு வகை.

செரோடோனின் குறைவுதான் மனச்சோர்வு என்ற எளிய விளக்கம் இன்று நிற்காது என்பது உண்மை. ஆனால் விளக்கம் போதவில்லை என்பது ஒன்று, மருந்து பலிக்கவில்லை என்பது வேறு. 2018-ல் 21 மருந்துகளைப் பற்றிய 522 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அத்தனை மருந்தும் வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தது. எல்லாருக்கும் கேட்காது, வித்தியாசமும் பிரமாதமாக இருக்காது, ஆனாலும் பலன் உண்டு. மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே செரோடோனின் மாறுகிறது. மனசு தெளிய மட்டும் வாரக்கணக்கில் ஆகிறது. இடையில் நரம்பு செல்கள் மெல்ல மெல்லத் தங்கள் இணைப்புகளைத் திருத்திக்கொள்கின்றன என்பதுதான் இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். குமட்டல், தூக்கக் கேடு போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும், நன்மை பொதுவாக இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் வரும். உன் அப்பா பத்தாம் நாள் நிறுத்தினார் என்றால், தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டு நன்மை வருவதற்கு முன்னால் விட்டுவிட்டார். மறுபடி தொடங்குவதை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், நீயாகக் கொடுக்காதே.

ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டாய். மூளை செல்லின் மைட்டோகாண்ட்ரியா எப்படி இருக்கிறது என்று காட்டி மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை எந்த லேபிலும் கிடையாது. யாராவது பேக்கேஜ் என்று சொன்னால் பணம் கொடுக்காதே. ஆனால் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை நான்கும் பார்த்திருக்கிறார்களா என்று கேள். இவை மைட்டோகாண்ட்ரியாவோடு நேரடியாகத் தொடர்புள்ளவை. ஹீமோகுளோபினுக்கு வேண்டிய இரும்புதான் எலக்ட்ரானைக் கைமாற்றும் அந்தப் புரதங்கள் பலவற்றின் நடுவிலும் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வேகத்தைத் தீர்மானிப்பதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய பங்கு, அது குறைந்தால் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும். குறை எதுவும் தெரிந்தால் சரிசெய்வது சுலபம், செலவும் கம்மி. அப்பாவுக்கு இமை தொங்குவது, காது மந்தமாவது, வலிப்பு, தசை பலவீனம் போன்றவையும் சேர்ந்து இருந்தால் மட்டும் டாக்டரிடம் தனியாகச் சொல். அது அரிதான பிறவி மைட்டோகாண்ட்ரியா நோயாக இருக்கிறதா என்று நரம்பியல் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

அந்தக் கேப்ஸ்யூலில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் பார். பெரும்பாலும் கோஎன்சைம் க்யூ10 இருக்கும். எலக்ட்ரானைச் சுமக்கும் முக்கியமான பொருள்தான், ஆனால் உடம்பே அதைத் தயாரிக்கிறது. மனச்சோர்வுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தவை சிறு ஆய்வுகள், வழக்கமான சிகிச்சையின் இடத்தில் அதை வைக்க அவை போதாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அது மருந்தின் வேலையைக் குறைக்கவும் செய்யலாம். செல்லில் சக்தியை இருப்பு வைக்க உதவும் கிரியாட்டின் என்ற பொருளுக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2012-ல் கொரியாவில், மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்ட பெண்களில் அதையும் சேர்த்துக்கொண்டவர்கள் சீக்கிரம் தேறினார்கள். கவனி, மாத்திரையோடு சேர்த்து. மாத்திரைக்குப் பதிலாக இல்லை. பெரிய ஆய்வுகள் வரும்வரை, அந்தச் சில ஆயிரத்தை வீட்டில் முட்டைக்கும் மீனுக்கும் வைத்துக்கொள்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு உண்மையிலேயே நல்லது செய்வதாக உறுதியாகத் தெரிந்தது உடற்பயிற்சி. தொடர்ந்து ஓடவிட்ட எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதை ஜான் ஹாலோஸி 1967-லேயே காட்டினார். 2014-ல் ஸ்வீடனில் அடுத்த கண்ணி கிடைத்தது. பயிற்சி பெற்ற தசை, மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் அதே புரதத்தின் வழியாக, கைனுரெனின் என்ற மூளைக்கு ஆகாத பொருளை மூளைக்குள் புக முடியாத வடிவமாக மாற்றிவிடுகிறது. அப்படிப்பட்ட எலிகளைத் தொடர் தொல்லை சோர்வில் தள்ளவில்லை.

அப்பா வாழ்நாள் முழுக்க உடலுழைப்புத்தானே செய்தார், அவருக்கு ஏன் வந்தது என்று நீ கேட்பாய். நியாயம். கூலிக்காகச் செய்யும் உழைப்பு, விரும்பி நடக்கும் நடையைப் போல மனசைக் காப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அப்புறம் தூக்கம். நடுராத்திரி எழுந்து வருடக்கணக்கில் வெட்டுக்குப் போனவரின் தூக்கம் எத்தனை மணி நேரம் இருந்திருக்கும்? 2025-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று பழ ஈக்களில் பார்த்தது: விழித்திருக்க விழித்திருக்க, தூக்கத்தை வரவழைக்கும் நரம்பு செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் கசிவு சேர்கிறது, அதுவே தூங்கு என்று தள்ளுகிறது. ஈயில் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கம் கெட்டால் மனச்சோர்வு கூடும் என்பதில் சந்தேகமில்லை. அதனால் அவர் வேலைக்குத் திரும்பும் நாள் வந்தால், கொஞ்ச நாளைக்கு வெட்டு வேண்டாம், பகலில் ரப்பர் ஷீட் அடிக்கிற வேலை தாருங்கள் என்று தோட்டக்காரரிடம் நீயே பேசிப் பார். அதற்கு முன்னால், தினமும் காலை வெயிலில் சாயாக்கடை வரை உன்னோடு நடந்துவிட்டு வரட்டும். முடியும் என்று தோன்றும்வரை காத்திருக்கக் கூடாது, தோன்றாதபோதே சின்னதாகச் செய்ய வேண்டும். மனநல சிகிச்சையில் இது நன்றாகச் சோதித்துப் பார்த்த முறை. குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. தூக்கத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அது இரட்டைக் கேடு.

உனக்கு வருமா என்ற கேள்விக்கு: மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் 37 ஜீன்தான், அது அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. அப்பாவின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ உன்னிடம் இல்லை. அதற்கு வேண்டிய மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களின் ஜீன் செல்லின் உட்கருவில் இருக்கிறது, அவை இருவரிடமிருந்தும் வந்தவை. இரட்டையர் ஆய்வுகளின்படி மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். மீதி வாழ்க்கை. பயப்படும் அளவு இல்லை. ஆனால் வீட்டுச் சுமை முழுவதையும் இப்போது நீ தூக்குகிறாய் என்று தெரிகிறது. உன் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்.

அப்பா "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி எதையாவது சொன்னால், அல்லது சொல்லாமல் திடீரென்று எல்லாரிடமும் விடைபெறுவது போல நடந்துகொண்டால், நேரடியாகவே கேள், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அன்றைக்குத் தனியாக விடாதே, வெட்டுக்கத்தியும் தோட்டத்துப் பூச்சிமருந்தும் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும், ராத்திரியானாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. எந்த நேரமும் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த வாரமே பழைய டாக்டரிடம் மறுபடி போங்கள். பாதியில் நின்ற மாத்திரை அட்டையையும் அந்தக் கேப்ஸ்யூல் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போ. எந்தத் தொல்லை வந்ததால் நிறுத்தினார் என்பதை அப்பாவே சொல்லட்டும். அதற்கேற்ற வேறு மாத்திரைகள் இருக்கின்றன.